கமாண்ட்-லைன் கருவி அச்சிடுவதை யார் படிக்கிறார்கள்?

ஒரே கோப்பு இரண்டு இடத்தில் கிடந்தால் காட்டிக்கொடுக்கும் சின்னக் கருவி ஒன்று எழுதி வைத்திருந்தேன். அளவு, எண்ணிக்கை, பாதை என்று வரிக்கு மூன்று விவரம். ஒருநாள், பார்க்க நன்றாக இருக்குமே என்று பாதைக்கு முன்னால் தேதியைச் சேர்த்தேன். மறுநாள் காலை பக்கத்து மேசைக்காரர் முறைத்தார். இரவில் ஓடும் அவருடைய ஸ்கிரிப்ட், வரியைச் சொல் சொல்லாகப் பிரிக்கும் ‘ஆக்’ கட்டளையால் மூன்றாவது சொல்லை வெட்டி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. அது விடிய விடியத் தேதியைக் கோப்பு என்று நினைத்துத் தேடியிருக்கிறது. அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு வழியே நான் வைக்கவில்லை.

ஆகவே, இன்னொரு நிரலும் படிக்கும்படி, முதலில் ஜேசான்: ஒவ்வொரு விவரத்துக்கும் பெயர் வைத்து எழுதும் வடிவம். ஜேசானுக்கு ஒன்று, காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்விக்கு ஒன்று என்று தனித்தனி ஃபிளாக் (கட்டளையோடு சேர்த்துத் தரும் விருப்பம்) வேண்டாம். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன செய்வது என்று நீங்கள்தான் விழிப்பீர்கள். மதிப்பு வாங்கும் ஒரே ஃபார்மேட் ஃபிளாக் போதும். மனிதர் படிக்கும் அட்டவணை எப்போது வேண்டுமானாலும் மாறும், ஜேசான் புலங்களின் பெயர் மாறாது என்று ஹெல்ப்பிலேயே எழுதிவிடுங்கள். நிரல்களின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் ஸ்டேட்டஸ் கட்டளையில் போர்சலின் என்ற ஆப்ஷன் இந்த வாக்குறுதிக்காகவே இருக்கிறது. கூடுதல் விவரம் தேவைப்பட்டபோது பழைய வடிவத்தைத் தொடாமல் இரண்டாம் பதிப்பைத் தனியாகச் சேர்த்தார்கள்.

நிறத்துக்கு ஆட்டோ, ஆல்வேஸ், நெவர் என்ற மூன்றும் போதும். ஆட்டோவில், ஸ்டாண்டர்ட் அவுட்புட் (கருவியின் வழக்கமான வெளியீடு) டெர்மினலுக்குப் போகிறதா என்று ‘ஈஸாட்டி’ ஃபங்ஷனிடம் கேளுங்கள், இன்னொரு நிரலுக்குக் கைமாற்றும் பைப்புக்குப் போனால் நிறம் கூடாது. நிறமே வேண்டாம் என்று பயனர் தன் கணினியில் வைக்கும் ‘நோ கலர்’ சூழல் மாறியையும் மதியுங்கள். ஃபிளாக், சூழல் மாறி, கான்ஃபிக் கோப்பு: மூன்றும் மோதினால் இந்த வரிசையில் முன்னால் இருப்பது ஜெயிக்கும். ‘தேடுகிறேன், 40%’ வகையறா எல்லாம் பிழைச் செய்திகள் போகும் தனி வழியான ஸ்டாண்டர்ட் எரருக்கு. இல்லையென்றால் அதுவும் ஜேசானுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் நம் ஊர்த் தலைவலி ஒன்று. ‘தமிழ்’ கண்ணுக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு, யூடிஎஃப்-8இல் 15 பைட். இதில் எதை எண்ணி இடைவெளி நிரப்பினாலும் ஏதாவது ஒரு டெர்மினலில் அட்டவணை கோணுகிறது. இரண்டு வாரம் மல்லுக்கட்டிவிட்டு, கோப்பின் பெயரைக் கடைசியிலேயே விட்டுவிட்டேன். வலப்பக்கம் எதுவும் இல்லை என்றால் கோணலும் தெரியாது.