வாஷிங்டன், ஜெஃபர்சன் வாழ்க்கை வரலாறு வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செர்ரி மரத்தை வெட்டிவிட்டு அப்பாவிடம் உண்மையைச் சொன்ன சின்னப் பையன் ஜார்ஜ் வாஷிங்டன் கதையை நம்மில் பலர் பள்ளிக்கூடத்தில் கேட்டிருப்போம். அப்படி நடந்ததற்கு ஆதாரமே கிடையாது. வாஷிங்டன் இறந்தது 1799 டிசம்பரில், மறு வருடமே வீம்ஸ் என்ற பாதிரியார் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் போட்டுவிட்டார், செர்ரி மரம் அதில் நுழைந்தது 1806 பதிப்பில்தான். அவர் காலத்துக்குப் பக்கத்தில் எழுதியது, அதனால் சரியாகத்தான் இருக்கும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

இதைவிடப் பெரிய தவறு, தடிமனையும் பரிசையும் பார்த்து மயங்குவது. அமெரிக்காவின் மூன்றாவது அதிபர் ஜெஃபர்சனைப் பற்றி வரலாற்றாசிரியர் டூமாஸ் மலோன் எழுதிய ஆறு தொகுதிகள் 1948 முதல் 1981 வரை வந்தன, புலிட்சர் பரிசும் கிடைத்தது, உழைப்பில் குறை சொல்லவே முடியாது. ஆனால் ஜெஃபர்சனிடம் அடிமையாக இருந்த சாலி ஹெமிங்ஸுக்கு அவர் மூலம் குழந்தைகள் பிறந்தன என்பதை மலோன் ஏற்கவே இல்லை. சாலியின் மகன் மாடிசன் 1873இல் ஒஹையோ பத்திரிகை ஒன்றில் தன் அப்பா ஜெஃபர்சன்தான் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். அந்த வார்த்தையை ஒதுக்கிவிட்டு, ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் மறுத்ததைத்தான் வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். இந்த ஓரவஞ்சனையை 1997இல் அனெட் கார்டன்-ரீட் என்ற ஆய்வாளர் ஆதாரங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் காட்டினார். மறு வருடம் வந்த டிஎன்ஏ சோதனையும் மாடிசன் சொன்னதோடு ஒத்துப்போனது. 2000இல் ஜெஃபர்சனின் மான்டிசெல்லோ வீட்டைப் பராமரிக்கும் அறக்கட்டளையே, சாலியின் ஆறு குழந்தைகளுக்கும் அவர்தான் தந்தையாக இருந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தது. அதனால் மலோனைப் படிக்கலாம், நிறையத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் முதல் புத்தகமாக வேண்டாம்.

சரி, கடையில் நின்றபடி எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் அத்தியாயத்தைப் புரட்டாதீர்கள், எல்லோரும் அதை அழகாகத்தான் எழுதியிருப்பார்கள். கடைசியில் இருக்கும் இன்டெக்ஸுக்குப் போங்கள். வாஷிங்டன் புத்தகம் என்றால் ஓனா ஜட்ஜ் என்ற பெயரைத் தேடுங்கள். 1796இல் பிலடெல்பியாவில் அதிபர் வாஷிங்டனின் வீட்டிலிருந்து தப்பி நியூ ஹாம்ப்ஷயருக்குப் போன அடிமைப் பெண் அவர்; அவரைத் திரும்பப் பிடித்துவர வாஷிங்டன் தன் நிதியமைச்சருக்கே கடிதம் எழுதினார், அப்படியும் அந்தப் பெண் சாகும்வரை பிடிபடவில்லை. போர்க்களங்களுக்கு நூற்றுக்கணக்கான பக்கம் கொடுத்துவிட்டு இவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லாத புத்தகத்தில் பாதி வாஷிங்டன்தான் இருக்கிறார்.

அப்புறம், பின்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீர்கள். யார் யாருக்கு எந்தத் தேதியில் எழுதிய கடிதம் என்று சொல்லாமல் மேற்கோளை மட்டும் அள்ளித் தெளிக்கிற புத்தகத்தை அங்கேயே வைத்துவிடலாம். தேதி இருந்தால் ஒன்றிரண்டைச் சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும், அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைன் தளத்தில் முதல் நான்கு அதிபர்களான வாஷிங்டன், ஜான் ஆடம்ஸ், ஜெஃபர்சன், ஜேம்ஸ் மாடிசன் ஆகியோரின் கடிதங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.