தூங்குகிற பச்சைக் குழந்தையை ராத்திரி பாலுக்கு எழுப்ப வேண்டுமா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிரசவமான வீடுகளில் முதல் வாரமே இந்த வாக்குவாதம் வந்துவிடும். "தூங்குற பிள்ளையை எழுப்பாதடி, தூங்கினாத்தான் வளரும்" என்பார் ஆயா. "மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் கொடுக்கணும்னு நர்ஸ் சொன்னாங்க" என்பாள் பெற்றவள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான், ஆனால் வேறு வேறு காலத்துக்கு. பிறந்தபோது இருந்த எடை திரும்பும் வரை கடிகாரத்தைக் கேளுங்கள். திரும்பிய பிறகு பிள்ளையைக் கேட்கலாம்.

1. அட்டையை எடுத்துப் பாருங்கள்

தாய் சேய் நல அட்டையில் பிறந்த எடை எழுதியிருக்கும். முதல் சில நாட்களில் எல்லாப் பிள்ளையும் கொஞ்சம் இளைக்கும். நிறைமாதத்தில் பிறந்ததென்றால் 7 சதவீதம் வரை குறைவது வழக்கம்தான். 10 சதவீதத்தைத் தொட்டால் டாக்டர் பார்த்தாக வேண்டும். 2,800 கிராமில் பிறந்த பிள்ளை 2,620க்கு இறங்கினால் பதற வேண்டாம். 2,520 என்று தராசு காட்டினால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு போங்கள். குறைந்த எடை பெரும்பாலும் 10 முதல் 14 நாளுக்குள் திரும்பிவிடும்.

எடை பார்க்க ஊரில் இருக்கிற துணை சுகாதார நிலையமோ அங்கன்வாடியோ போதும். துணியெல்லாம் கழற்றிவிட்டு, ஒவ்வொரு முறையும் அதே தராசில் பாருங்கள். தராசு மாறினால் 50 கிராம், 100 கிராம் வித்தியாசத்துக்கெல்லாம் வீணாகத் தூக்கம் கெடும்.

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை, இரண்டரை கிலோவுக்குக் குறைவான பிள்ளை, மஞ்சள் காமாலை கண்ட பிள்ளை, இவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. டாக்டர் போதும் என்று சொல்லும் வரை எழுப்பித்தான் கொடுக்க வேண்டும்.

2. அலாரம் வையுங்கள்

ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் போக வேண்டும். பகலில் இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம், ராத்திரியில் மூன்று மணி நேரத்துக்கு மேல் விட வேண்டாம். கணக்கைப் பால் குடிக்க ஆரம்பித்த நேரத்திலிருந்து எடுங்கள். 10 மணிக்கு வாயில் வைத்து 10.40க்கு முடித்தால் அடுத்தது 1 மணிக்கு, 1.40க்கு இல்லை. நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான்.

அலாரம் அப்பாவின் போனில் இருக்கட்டும். பிள்ளையைத் தூக்கி ஈரத்துணி மாற்றிக் கையில் கொடுப்பதற்குப் பால் சுரக்க வேண்டியதில்லையே. அம்மாவுக்கும் இந்த ராத்திரிப் பால் முக்கியம். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாக இருக்கும். ஆரம்ப நாட்களில் ராத்திரி முழுக்கக் கொடுக்காமல் விட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், போகப் போகச் சுரப்பும் குறையும்.

3. எழுப்பும் விதம்

தட்டி எழுப்புவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் முகத்தைப் பாருங்கள். மூடிய இமைக்குள் கருவிழி ஓடுகிறதா, உதடு சப்புகிறதா, கை வாய்ப்பக்கம் போகிறதா? அப்படியானால் அது மேலோட்டமான தூக்கம், அப்போதே தூக்கிவிடுங்கள். கையைத் தூக்கிவிட்டால் தொப்பென்று விழுகிறதா? ஆழ்ந்த தூக்கம். நேரமிருந்தால் கால் மணி கழித்துத் திரும்பப் பாருங்கள்.

தூளியில் கிடந்தால் இந்த அறிகுறி எதுவும் கண்ணில் படாது. சேலை இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளும், ஆட்ட ஆட்ட அது இன்னும் அசந்து தூங்கும். முதல் இரண்டு வாரம் ராத்திரியில் அம்மாவுக்குப் பக்கத்திலேயே தட்டையான தனிப் படுக்கையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்பது என் கட்சி.

எழுப்பும்போது சுற்றியிருக்கிற துணியைத் தளர்த்துங்கள். ஈரமிருந்தால் மாற்றுங்கள். மேல்துணி இல்லாமல் அம்மாவின் வெற்று மார்போடு சாய்த்து, முதுகுக்கு மேல் போர்வை போடுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிக் குளிரில் துணியைக் கழற்ற ஆயா ஒத்துக்கொள்ள மாட்டார். உடம்போடு உடம்பு ஒட்டியிருக்கும் சூடே பிள்ளைக்குப் போதும் என்று சொல்லுங்கள். முதுகில் கீழிருந்து மேலாகத் தடவுங்கள், உள்ளங்காலை விரலால் வருடுங்கள். முகத்தில் பச்சைத் தண்ணீர் தெளிப்பது, காதைக் கிள்ளுவது, குதிகாலில் சுண்டுவது எல்லாம் வேண்டாம்.

4. பாதியில் தூங்கினால்

ஒரு சொட்டுப் பாலை உதட்டில் தடவினால் வாய் திறக்கும். பிறகு காதைக் கொடுத்துக் கேளுங்கள்: ஒன்றிரண்டு உறிஞ்சலுக்கு ஒரு முழுங்கல் சத்தம் வந்தால் பால் இறங்குகிறது. வெறுமனே உதடு படபடத்தால் சப்பிக்கொண்டே தூங்குகிறது என்று அர்த்தம். அப்போது மார்பைக் கையால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள், பால் பீய்ச்சி வரும், பிள்ளை திரும்ப முழுங்கும். அதற்கும் அசையாவிட்டால் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்து அடுத்த பக்கம் மாற்றுங்கள். வாய் வைக்கவே மறுத்தால் பீய்ச்சிய தாய்ப்பாலைப் பாலாடையில் கொடுக்கலாம். தேன், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் எதுவும் வேண்டாம்.

5. ஈரத்துணியை எண்ணுங்கள்

முதல் நாள் ஒன்று, இரண்டாம் நாள் இரண்டு என்று கூடி, ஐந்தாம் நாளிலிருந்து தினம் ஆறு தடவையாவது சிறுநீர் போக வேண்டும். கருப்பாகப் போன மலம் நாலைந்து நாளில் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும்.

6. இது தூக்கம் இல்லை

எவ்வளவு எழுப்பியும் எழவில்லை, துவண்டு கிடக்கிறது, பால் உறிஞ்சவில்லை, உடம்பு கொதிக்கிறது அல்லது சில்லிட்டிருக்கிறது, மூச்சு வேகமாக ஓடுகிறது, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்கால் வரை வந்துவிட்டது: இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். காமாலை கண்ட பிள்ளை அதிகம் தூங்கும். தூங்குவதால் பால் குறையும். பால் குறைந்தால் மலம் வழியாக வெளியேற வேண்டிய மஞ்சள் உடம்பிலேயே தங்கும். தூக்கம் இன்னும் கூடும். இளவெயிலில் காட்டினால் சரியாகிவிடும் என்று நாளைக் கடத்தாதீர்கள். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரியில் நீல விளக்கின் கீழ் வைப்பார்கள்.

7. அலாரத்தை நிறுத்தும் நாள்

பிறந்த எடை திரும்பியது, அப்புறமும் தினம் 20, 30 கிராம் ஏறுகிறது, ஈரத்துணிக் கணக்கும் சரி என்றால் நர்ஸிடமோ டாக்டரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ராத்திரி அலாரத்தை நிறுத்தலாம். ஒரேயடியாக நாலைந்து மணி நேரம் தூங்கினாலும் விடுங்கள். பகலில் மட்டும் பழையபடி இரண்டு மூன்று மணிக்கு ஒருதரம் கொடுத்து வாருங்கள்.