ஐபி முகவரி மாறினாலும் வீட்டுக் கணினியிலேயே வலைத்தளம் நடத்தலாம்

பழைய லேப்டாப், அதில் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்), வீட்டில் ஃபைபர் இணைப்பு. சின்னத் தளத்துக்கு இவை போதும். ரவுட்டரை அணைத்துப் போட்டால் ஐபி (இணையத்தில் உங்கள் இணைப்பின் எண் முகவரி) மாறிவிடுமே என்றுதான் பலரும் தயங்குகிறார்கள். அதைச் சமாளிப்பது எளிது. காலை வாருவது வேறொன்று, அதை முதலில் பார்த்துவிடுங்கள்.

1. வெளி ஐபி உங்களுடையதுதானா?

ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் இன்டர்நெட் ஐபி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பிரவுசரில் ஐபி காட்டும் ஏதாவதொரு தளத்தைத் திறந்து, அங்கே தெரியும் ஐபிவி4 எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றென்றால் அடுத்த படிக்குப் போகலாம்.

ரவுட்டரில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண் இருந்தால் நீங்கள் சிஜிநாட்டுக்குள் இருக்கிறீர்கள். அதாவது, ஒரே பொது முகவரியை இணைப்பு தரும் நிறுவனம் பல வீடுகளுக்குப் பங்கிட்டிருக்கிறது. வெளியிலிருந்து வரும் கோரிக்கை எந்த வீட்டுக்கு என்று தெரியாமல் அவர்களுடைய கருவியிலேயே நின்றுவிடும். உங்கள் ரவுட்டரில் எத்தனை போர்ட் (வெளிக் கோரிக்கைகள் நுழையும் எண்ணிட்ட வாசல்) திறந்தாலும் பலனில்லை. மணிக்கணக்கில் ரவுட்டரோடு மல்லுக்கட்டுபவர்களில் பலர் இங்கேதான் மாட்டியிருப்பார்கள்.

எண் 10 அல்லது 192.168 என்று தொடங்கினால் இதே கதையாக இருக்கலாம். இல்லாவிட்டால் ஃபைபர் பெட்டியே ஒரு ரவுட்டராக வேலை செய்து, அதன் பின்னால் உங்கள் ரவுட்டர் இருக்கலாம். அப்படியென்றால் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு (ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு இணைப்பை மட்டும் கடத்தும் நிலை) மாற்றச் சொல்லி நிறுவனத்திடம் கேளுங்கள்.

சிஜிநாட் என்று உறுதியானால், கட்டணம் கட்டி ஸ்டேட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேளுங்கள், அல்லது சொந்த டொமைன் (தளத்துக்கான பெயர்) வாங்கி கிளவுட்ஃபிளேர் டனல் போடுங்கள். டனல் உள்ளிருந்து வெளியே போகும் இணைப்பு என்பதால் போர்ட் திறக்க வேண்டாம், ஐபி மாறினாலும் கவலையில்லை. டனல் போடுபவர்களுக்கு 2, 3, 4 படிகள் தேவையில்லை.

2. உள் ஐபியை நிலைப்படுத்துதல்

வீட்டுக்குள் லேப்டாப்புக்கு ரவுட்டர் தரும் எண்ணும் மாறக்கூடாது. ரவுட்டரின் டிஹெச்சிபி ரிசர்வேஷனில் லேப்டாப்பின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரு எண்ணைக் கட்டிவையுங்கள், உதாரணமாக 192.168.1.50. வைஃபை வேண்டாம், கேபிள் போடுங்கள்.

3. டக்டிஎன்எஸ்

மாறும் ஐபிக்கு மாறாத ஒரு பெயர் தரும் சேவை இது. இலவசக் கணக்கில் ஐந்து பெயர்கள் வரை கிடைக்கும். அவர்கள் தரும் சின்ன ஸ்கிரிப்டை கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் உபுண்டு வசதி) 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். ஐபி மாறினால் சில நிமிடங்களில் பெயர் புது எண்ணைக் காட்டத் தொடங்கும். லாக் ஃபைலில் ஓகே என்றிருந்தால் சரி. கேஓ என்றால் பெயரிலோ டோக்கனிலோ (டக்டிஎன்எஸ் கணக்கின் ரகசியக் குறியீடு) பிழை. டோக்கன் பாஸ்வேர்டு மாதிரி, யாருக்கும் காட்டாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை: அதே கணினியில் விபிஎன் ஓடினால் டக்டிஎன்எஸ்ஸில் விபிஎன்னின் ஐபி பதிவாகிவிடும். ஓகே என்றுதான் வரும், தளம் மட்டும் திறக்காது.

4. போர்ட் ஃபார்வர்டிங்

ரவுட்டரில் 80, 443 (வலைத்தளங்களுக்கான போர்ட்கள்) இரண்டையும் 192.168.1.50-க்குத் திருப்புங்கள். உபுண்டு ஃபயர்வாலிலும் அதே இரண்டையும் அனுமதியுங்கள். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் 22-ஐத் திறக்கவே கூடாது. டிஎம்இசட் என்ற குறுக்குவழியும் வேண்டாம், அது கணினியின் எல்லாப் போர்ட்டையும் தெருவுக்குத் திறந்துவிடும்.

5. கேடி

தளத்தை வெளியே பரிமாற ஒரு வெப் சர்வர் மென்பொருள் வேண்டும். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் எல்லாம் நல்லவைதான், ஆனால் புதியவர்களுக்கு நான் சொல்வது கேடி. அதன் கான்ஃபிக் ஃபைலில் தளத்தின் பெயரையும் ஃபோல்டரையும் கொடுத்து, ஃபைல் சர்வரை இயக்கினால் ஹெச்டிடிபிஎஸ் சான்றிதழை அதுவே வாங்கிப் புதுப்பித்துக்கொள்ளும். போர்ட் வேலை செய்கிறதா என்று பார்க்காமல் திரும்பத் திரும்ப முயன்றால், சான்றிதழை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் சிறிது நேரம் கதவை மூடிவிடும்.

403 பிழை (அனுமதி இல்லை) வந்தால் ஃபோல்டரைப் பாருங்கள். ஹோம் ஃபோல்டருக்குள் இருப்பதை கேடியால் படிக்க முடியாது. தளத்தின் கோப்புகளை 'வார்' (/var) ஃபோல்டருக்குக் கீழே மாற்றினால் சரியாகிவிடும்.

6. சோதனை

வீட்டு வைஃபையிலிருந்து சோதிக்காதீர்கள். பல ரவுட்டர்கள் உள்ளிருந்து கேட்கும்போது தளத்துக்குப் பதில் தங்கள் லாகின் பக்கத்தைக் காட்டும். தளம் கெட்டுவிட்டதென்று எல்லாவற்றையும் கலைத்துப்போட வேண்டாம். போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

மூடி, மின்வெட்டு

லேப்டாப் மூடியை மூடினால் தூங்கிவிடும், அந்த செட்டிங்கை இக்னோர் என்று மாற்றுங்கள். லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கிறது, ரவுட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் இல்லை. மினி யுபிஎஸ் வாங்கும்போது இரண்டு அடாப்டர்களிலும் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் எண்களைப் பார்த்து வாங்குங்கள்.