விடுதி இளைஞர்களுக்குப் பாலியல் நல வகுப்பு எடுப்பது எப்படி?

திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் பல்லடம், உடுமலை வட்டாரத்து நூற்பாலைகளிலும் வீட்டை விட்டு வந்து விடுதியில் தங்கி வேலை பார்க்கும் இளைஞர்கள் ஏராளம். இவர்களுக்குப் பால்வினைத் தொற்று, அதாவது உடலுறவு வழியாகப் பரவும் நோய்கள் பற்றி வகுப்பு எடுக்க முன்வரும் செவிலியரோ தன்னார்வலரோ முதலில் நேரத்தைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரவு ஷிப்ட் முடித்து வந்தவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவார்கள். சம்பளம் வாங்கும் சனிக்கிழமை மாலையில் யாரும் அறையில் இருக்க மாட்டார்கள். ஞாயிறு முற்பகலே வசதியானது. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக எடுப்பது நல்லது. சூப்பர்வைசரும் வார்டனும் வெளியே இருக்கட்டும்; அவர்கள் நின்றால் ஒரு கேள்வியும் வராது.

கேள்விகளை வாய்மொழியாகக் கேட்காமல், ஒரே அளவு துண்டுச் சீட்டும் ஒரே நிறப் பேனாவும் எல்லோருக்கும் கொடுத்து எழுதி வாங்குங்கள். கேள்வி இல்லாதவர்கள் அன்று காலை சாப்பிட்ட டிபனை எழுதிப் போடலாம். எல்லோரும் எழுதும்போது யார் எதைக் கேட்டார் என்பது தெரியாது.

அழுத்திச் சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு: பால்வினைத் தொற்று பெரும்பாலும் வெளியே தெரியாது. வெட்டை நோயும் (கொனோரியா) கிளமிடியா என்ற பாக்டீரியாத் தொற்றும் பல பெண்களிடம் எந்த அறிகுறியும் காட்டாமலே இருந்து, பின்னாளில் குழந்தைப் பேற்றைப் பாதிக்கக்கூடும். மேகநோய் எனப்படும் சிபிலிசின் முதல் புண் வலிக்காது, சில வாரங்களில் தானாகவே ஆறிவிடும். கிருமி மட்டும் உடலில் தங்கிவிடும். லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒருமுறை வந்துபோகும் 'பரம்பரை வைத்தியர்கள்' பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். தானாக ஆறிய புண்ணுக்கு லேகியம் பெயர் வாங்கிக்கொள்கிறது. பென்சிலின் ஊசியால் முறையாகக் குணமாகும் நோய் இது என்பதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஆணுறை பற்றிப் பேசுவதோடு நிறுத்தாமல், மரக்கட்டையிலோ வாழைக்காயிலோ மாட்டிக் காட்டுங்கள். காலாவதித் தேதியைப் பார்த்து, பாக்கெட்டைப் பல்லால் கடிக்காமல் ஓரத்தில் கிழித்து, ஆணுறையின் நுனியை விரலால் அழுத்திக் காற்றை நீக்கி, உறவு தொடங்கும் முன்பே அடிவரை உருட்டிவிட வேண்டும். வெளியே எடுக்கும்போது அடிப்பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தென்னை சூழ்ந்த நம் பகுதியில் தவறாமல் எச்சரிக்க வேண்டியது தேங்காய் எண்ணெய் பற்றி: எண்ணெய் பட்டால் ரப்பர் உறை பலவீனமாகிக் கிழிந்துவிடும், ஆகவே நீரில் கரையும் வழுவழுப்பான் மட்டுமே கூடும். பர்ஸிலும் வண்டிப் பெட்டியிலும் நாள்கணக்கில் வெந்து கிடந்த உறையையும் நம்பக்கூடாது. சரியாகப் பயன்படுத்தினாலும், தோலோடு தோல் உரசிப் பரவும் ஹெர்பிஸ் (கொப்புளம் வரும் வைரஸ் தொற்று) போன்றவற்றை ஆணுறை முழுமையாகத் தடுக்காது என்பதையும் மறைக்க வேண்டாம்.

உறை கிழிந்துவிட்டால் என்ன செய்வது என்ற கேள்வி நிச்சயம் வரும். எச்.ஐ.வி. தொற்று நேரிட்டிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குச் சென்று தடுப்பு மருந்து பற்றிக் கேட்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மறுநாளே இரத்தம் கொடுத்து 'இல்லை' என்று வந்ததும் நிம்மதி அடைவது தவறு. மூன்று மாதம் கழித்தும் ஒருமுறை பார்த்தால்தான் உறுதி. அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் ஆலோசனையும் பரிசோதனையும் இலவசம். 1097 கட்டணமில்லா உதவி எண். வேலைக்குச் சேர எச்.ஐ.வி. பரிசோதனை கேட்பதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்; வேலை போய்விடுமோ என்ற பயமே பலரை மையத்தின் வாசலோடு திருப்பி அனுப்புகிறது.

வகுப்பு முடிந்தபின் 18 வயது நிறையாத ஒருவர் தனியே பேச வந்தால், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சம்மதம் இருந்தாலும் அந்த வயதில் உறவு 2012-ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி குற்றமாகவே கருதப்படும். அது தெரியவந்தவர் புகார் தெரிவிப்பதும் கட்டாயம். அதை அவர் பேசத் தொடங்கும் முன்பே பக்குவமாகச் சொல்லி, குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கொடுத்து, மருத்துவமனைக்குத் துணையாகச் செல்லுங்கள்.