தோட்டத்து உளநலப் பணிக்கு மானியம் கேட்பது எப்படி?

இலங்கையின் மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உளநலப் பணிக்கு நிதி தேடுவோர் பலர் விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்குகின்றனர். உண்மையில் படிவம் கடைசி வேலை. பணம் யாருடைய பெயரில் வரப்போகிறது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். இதற்கெனப் புதிய அமைப்பொன்றைத் தொடங்குவதைவிட, ஏற்கெனவே இயங்கிவரும் மாதர் சங்கம், இளைஞர் கழகம், மரண உதவிச் சங்கம் ஆகியவற்றுள் கணக்கு ஒழுங்காக இருக்கும் ஒன்றைத் தெரிவுசெய்வதே நல்லது. மரண உதவிச் சங்கம் பலருக்கு நினைவில் வருவதில்லை. ஆனால் மாதாமாதம் சந்தா சேர்த்து, இழவு வீட்டுக்கு அன்றைக்கே பணம் கொடுத்து, அதைக் கொப்பியில் எழுதிவரும் சங்கத்தின் பழைய கொப்பிகளே நிதி வழங்குவோரிடம் காட்டத்தக்க சிறந்த சான்று.

அச்சங்கம் பிரதேச செயலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். யாப்பு (சங்கத்தின் விதிகள்), உறுப்பினர் பட்டியல், கூட்ட அறிக்கைகள், சங்கத்தின் பெயரிலேயே இருவர் கையொப்பமிடும் வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். நிதி வழங்குவோர் கேட்டால், 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழான பதிவும் தேவைப்படலாம்.

யாரிடம் கேட்பது என்பதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கனடாவின் உள்ளூர் முன்னெடுப்புகளுக்கான நிதி, அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயத்தின் நேரடி உதவித் திட்டம் போன்றவை சிறிய அமைப்புகளின் சமூகப் பணிகளுக்கு இடம் தருபவை. யப்பானின் அடிமட்ட மானியமோ பெரும்பாலும் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் உரியது. உளவளத்துணைக்குப் பணம் கேட்டு அங்கே எழுதுவது வீண்வேலை. ஒவ்வோர் ஆண்டின் அழைப்பையும் புதிதாக வாசியுங்கள், முன்னுரிமைகள் மாறிக்கொண்டேயிருக்கும்.

பிரச்சினையை விவரிக்கும் பகுதியில்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் வீழ்கின்றன. எங்கள் முதல் விண்ணப்பத்தில் ‘தோட்ட மக்களிடையே மன அழுத்தம் அதிகரித்துள்ளது, எனவே விழிப்புணர்வுக் கருத்தரங்குகள் நடத்தப்படும்’ என்று எழுதினோம். அது எந்தத் தோட்டத்துக்கும் பொருந்தும் என்பதால் எந்தத் தோட்டத்துக்கும் உரியதாக இல்லை, நிராகரிக்கப்பட்டது. அடுத்த முறை ஒரே ஒரு விடயத்தை எடுத்தோம். உளநல கிளினிக்குக்குப் போகும் நாளில் கொழுந்து எடுக்கும் பெண்ணுக்குப் ‘பேர்’, அதாவது அன்றைய சம்பளத்துக்கான வேலைப் பதிவு, இல்லை. இரண்டு பஸ் மாறிப் போய், வரிசையில் நின்று, மாலையில் லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீட்டுக்கு) திரும்பும்போது அவர் அன்றைய சம்பளத்தையும் பஸ் காசையும் இழந்திருப்பார். அதனால் இரண்டாம் மாதமே மாத்திரை நின்றுவிடுகிறது. இதை எழுதியதும், கேட்க வேண்டியவை தாமாகவே தெளிந்தன: பயணச் செலவு, துணைக்குப் போகும் ஒருவருக்கான கொடுப்பனவு, மாத்திரை நின்றவர்களை வீட்டில் போய்ப் பார்க்கும் இரு தொண்டர்கள். உங்கள் தோட்டத்தில் விடயம் வேறாக இருக்கலாம். தாய் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், கசிப்பு எனும் கள்ளச் சாராயம், 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் நேர்ந்த மண்சரிவை மறக்க முடியாமல் மழை இரவுகளில் உறங்காதிருக்கும் மலைச்சரிவுக் குடும்பங்கள் என எதுவாயினும், ஒன்றை மட்டும் எடுத்து, நீங்களே எண்ணிப் பார்த்த எண்ணிக்கையுடன் எழுதுங்கள்.

எழுதும்போது ஒருவரின் கதையைச் சாட்சியாக வைக்கும் ஆசை வரும். பெயரை மாற்றினாலும், ‘மேல் பிரிவு, மூன்றாம் லயம், விதவை’ என்றால் தோட்டமே ஆளைச் சொல்லிவிடும். நிதி கிடைப்பதற்காக எவருடைய துயரத்தையும் அடையாளம் தெரியும்படி எழுதக் கூடாது.

தொண்டர்களால் எதைச் செய்ய முடியாது என்பதையும் எழுதுங்கள். அவர்கள் காதுகொடுத்துக் கேட்பார்கள், துணை போவார்கள். நோயைத் தீர்மானிப்பதும் மருந்து கொடுப்பதும் வைத்தியரின் வேலை. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையையும், அருகிலுள்ள ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவையும் முன்கூட்டியே சந்தித்து, யாரை எந்த நிலையில் அனுப்புவது என்று பேசி, அவர்களின் ஒப்புதல் கடிதத்தை இணைப்பது மிகுந்த பலம் தரும். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற உதவித் தொலைபேசி இலக்கம் தொண்டர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத்தின் நேரத்தையும் கணக்கிடுங்கள். வார நாள் காலையில் கூட்டம் வைத்தால் ஓய்வுபெற்றவர்கள் மட்டுமே வருவார்கள். ஞாயிறன்று கைக்காசுக் கொழுந்து (உடன் பணத்துக்குக் கொழுந்து எடுக்கும் வேலை) இருக்கும். சம்பள நாளன்று எவரும் வரமாட்டார்கள். பிள்ளை மடுவத்தையோ (குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தையோ) வாசிகசாலையையோ பயன்படுத்தத் தோட்ட நிருவாகத்தின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். துரை (தோட்ட முகாமையாளர்) மாறினால் வாய்மொழி அனுமதியும் அவரோடு போய்விடும்.

பணம் வந்த பின் பற்றுச்சீட்டுத்தான் பெரிய தொல்லை. தோட்டத்துக் கடையில் சீட்டுத் தரமாட்டார்கள். சங்கமே வவுச்சர் புத்தகமொன்றை வைத்திருந்து, விற்றவரிடம் கையொப்பம் வாங்க வேண்டும். பஸ் சீட்டின் எழுத்து ஈரத்தில் மங்கிவிடும், ஆகையால் அன்றன்றே தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். ஒரு செலவுத் தலைப்பில் பணம் மிஞ்சும் என்று தெரிந்தால், திட்டக் காலம் முடியுமுன்பே நிதி வழங்கியவருக்கு எழுதி, வேறு தலைப்புக்கு மாற்ற அனுமதி கேளுங்கள். காலம் முடிந்த பின் கேட்டால், மிஞ்சியதைத் திருப்பி அனுப்பவே சொல்வார்கள்.