பழைய நகைச்சுவைப் படத்தை இளசுகளோடு பார்ப்பது எப்படி?

எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழைய படம் காட்ட நான் முதலில் எடுப்பது 1964-இல் வந்த 'காதலிக்க நேரமில்லை'.

முதல் விதி, "அந்தக் காலத்துல..." என்று ஆரம்பிக்கவே கூடாது. உபதேசம் வருகிறது என்று தெரிந்தால் கை தானாக செல்போனுக்குப் போய்விடும். படத்தையும் தொடக்கத்திலிருந்து போட வேண்டாம். நாகேஷ் தன் அப்பாவாக வரும் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை மட்டும் முதலில் காட்டுங்கள். முன்கதை எதுவும் தேவையில்லை. பேயும் வராது, ரத்தமும் வராது. கதவு கிறீச்சிடுவது முதல் எல்லாச் சத்தமும் நாகேஷின் வாயிலிருந்துதான். எல்லாரும் நாகேஷைப் பார்ப்பார்கள். இரண்டாவது முறை ஓட்டும்போது பாலையாவின் முகத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவது அவர்தான். என்னைக் கேட்டால் காட்சியைத் தூக்கி நிறுத்துவதும் அவரே.

சிரித்துவிட்டார்களா? சரி, இப்போது முழுப்படம். டிவியில் திரையை நிரப்புவதற்காகப் படத்தை இழுத்துவிடாதீர்கள், காஞ்சனாவின் முகம் பூசணிக்காய் ஆகிவிடும். ஓரத்தில் கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும்.

பாட்டுகளைத் தள்ளிவிட வேண்டாம். 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டில் முதலாளி வீட்டு வாசலில் நடக்கும் போராட்டமே ஆட்டமாகிவிடுகிறது. இசை விஸ்வநாதன்-ராமமூர்த்தி என்று சொன்னால் பெயர்ப் பொருத்தத்துக்கே இன்னொரு சிரிப்பு கிடைக்கும்.

இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். முத்துராமன் பணக்காரக் கிழவர் வேஷத்தில் வந்து இறங்கியதும் நிறுத்தி, டீ போடப் போங்கள். மீதியை அவர்களே கேட்பார்கள்.