டியூப்லைட் போட்டா மயங்கிப்போற ஃபேன் ரிமோட் – என் அனுபவம்
அம்மாபேட்டை வீட்டு ஹால்ல புதுசா ரிமோட் ஃபேன் மாட்டுனோம், பகல்ல ஜம்முனு எடுக்கும், சாயங்காலம் டியூப்லைட் போட்டா போதும், ரிமோட்ட எவ்ளோ அமுக்குனாலும் அசையாது. பேட்டரி மாத்தியாச்சு, மொபைல் கேமரால பாத்தா ரிமோட் முனை ஊதாவா மின்னுது, சரின்னு ரிசீவர் போர்டையும் மாத்தி நாலு நாள் வீண்.

அப்பறம்தான் கவனிச்சேன், லைட் போட்ட முதல் ரெண்டு மூணு நிமிஷம்தான் ரொம்ப மோசம், டியூப் சூடானதும் கிட்டக்க போய் அமுக்குனா எடுக்குது. டியூபுக்கு கரண்ட் குடுக்கற எலக்ட்ரானிக் சோக்கோட வேலை! ரிமோட் சிக்னல் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வெளிச்சம், பெரும்பாலும் 38 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு 38,000 தடவ மின்னும், அந்த சோக்கும் கிட்டத்தட்ட அதே வேகத்துல டியூப்ப துடிக்க வைக்குது, டியூப் ஆறிக் கெடக்கறப்ப உள்ள இருக்கற ஆர்கான் வாயு வேற அகச்சிவப்ப ஜாஸ்தியா விடும், அதுல ஃபேன் ரிசீவர் கொழம்பிப்போகுது.

மெயின ஆஃப் பண்ணிட்டு, பரண்ல கெடந்த பழைய 50 ஹெர்ட்ஸ் காப்பர் சோக்கையும் ஸ்டார்ட்டரையும் மாட்டுனேன். இப்ப படுத்துக்கிட்டே அமுக்குறேன், எடுக்குது. டியூப்தான் நாலு தடவ கண்ணடிச்சுட்டு எரியுது, அது கெடக்கட்டும்.